சாம்சன் கொண்டுவந்த கடிதம்

கும்மிடிப்பூண்டி
11.2.2024

தம்பி பென்னிக்கு, அக்கா சாராள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் ஏஞ்சலும் சுகம். நீ சுகமாக இருக்க ரெண்டு வேளையும் ஜெபிக்கிறோம். ஜெபம் மட்டும் போதாது என்பதால் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். இங்கே பேசினால் உன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே உன் அறையில் உன்னோடு ஐந்து பேர். நான் திட்ட ஆரம்பித்தால் நீ கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. சாம்சன் நாளைக்கு நம் கம்பெனியின் உகாண்டா இரும்பு மில்லுக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். பிரிட்ஜ் மேல் மலேரியா மாத்திரைப் பெட்டி அப்படியே இருக்கிறது. மறந்துவிட்டாயா, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனாயா? மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு உன்னை ரயிலில் இழுத்துக்கொண்டு போனதுபோல இதற்கும் நான் விமானத்தில் வர வேண்டுமா? பெட்டியும் சாம்சன் கையில்தான் வருகிறது. அந்த ஊசி மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டும்தான். மலேரியாவுக்கு ஊசி போட்டாச்சு என்று நினைத்துக்கொண்டு திரியாதே.

தினமும் ஒரு மாத்திரை, சோறு சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போடு. போட்டதும் படுக்காதே, நெஞ்சு புண்ணாகும். வலைக்குள் படு. ஏரியில் இறங்காதே. அந்தத் தண்ணீரில் நத்தைப் புழு இருக்கிறது, தோல் வழியாகவே உள்ளே போய்விடும். ஆகஸ்ட் வரைக்கும் இருநூறு நாள், ஊர் திரும்பின பிறகு இன்னும் இருபத்தெட்டு நாள். அதையும் எண்ணி வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்துவிட்டோமே என்று நிறுத்தினால் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமி எழுந்து வரும்.

பதில் எழுது. சாக்கு எழுதாதே.

உன் அக்கா,
சாராள்

*

உகாண்டா
3.3.2024

அன்பு அக்காவுக்கு, பென்னி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நல்ல சுகம். உனக்கு முட்டிவலி எப்படி? ஏஞ்சல் சரியாகச் சாப்பிடுகிறாளா?

சாம்சன் அண்ணன் வந்து சேர்ந்தார். மாத்திரையும் ஊறுகாயும் வந்தது. நீ எழுதியதை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், சிரித்தார்கள். சாம்சன் அண்ணன், "ஒங்கக்கா கம்பெனி நர்ஸா, ஜெயில் வார்டனா?" என்றார்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். ஆனால் உன்னிடம் மறைக்கவில்லை, ஆறு பேரும் போடுகிறோம். கம்பெனி யாருக்கும் எதுவும் தரவில்லை. ஒரே பானையில் சோறு தின்கிறோம், இரும்பு உருட்டும் ஒரே ரோல் ஸ்டாண்டில் வேகிறோம். நான் மட்டும் தினமும் மாத்திரையைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டு அவர்கள் மூஞ்சியைப் பார்க்க என்னால் முடியாது. உனக்கும் முடியாது.

ஏரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முட்டிவரை நின்றோம். பழவேற்காடு பக்கம் பிறந்தவனிடம் தண்ணீரைக் காட்டி இறங்காதே என்றால் எப்படி?

அன்புத் தம்பி,
பென்னி

*

கும்மிடிப்பூண்டி
24.3.2024

பென்னி,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

திருவிருந்து அப்பமா அது, பிட்டுப் பிட்டு எல்லோருக்கும் கொடுக்க? இருநூற்று இருபத்தெட்டை ஆறால் வகுத்தால் முப்பத்தெட்டு. இந்நேரம் ஆறு பேரிடமும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒருவனைக் காப்பாற்ற வைத்திருந்ததைக் கொடுத்து ஆறு பேரையும் கைவிட்டிருக்கிறாய். உன் நல்ல மனசைப் பார்த்து அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

நீ எழுதியதைப் படித்துவிட்டு நேராக ஆபீசுக்குப் போனேன். "ஆறு பேருக்கு மாத்திரை வாங்கிக் கொடுங்க சார், டாக்டர் சீட்டு நான் வாங்கித் தரேன்" என்றேன். மேனேஜர் துளசிராமன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பென்னி, சாம்சன், மற்ற நாலு பேர் எல்லோருக்கும் தினமும் இங்கே ஆஜர். "இவங்கள்லாம் இங்கதான் வேலை செய்றாங்க சிஸ்டர். உகாண்டான்னு ஒண்ணு நமக்குக் கெடையாது" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புக்கு என் கையில் ஊசி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

நீங்கள் காகிதத்தில் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறீர்கள். கொசுவுக்குக் காகிதம் படிக்கத் தெரியாது.

இன்னொரு பெட்டி அனுப்புகிறேன். அங்கே மெஷினுக்குப் பேரிங் கொண்டுவரும் துளசிராமன் கையிலேயே கொடுத்திருக்கிறேன், வேறு ஆள் இல்லை. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பார். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இந்த வியாதியில் கிடையாது.

சாராள்

*

உகாண்டா
21.4.2024

அக்காவுக்கு, பென்னி எழுதுவது. சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

எதற்கு ஆபீசுக்குப் போனாய்? துளசிராமன் இங்கே வந்ததும் எங்களை வரிசையில் நிற்க வைத்துப் பேசினான். "எவனாவது ஊர்ல போய் ஆஸ்பத்திரில உகாண்டான்னு வாயத் தொறந்தா, இ.எஸ்.ஐ. கட், செட்டில்மெண்ட் கட். கும்மிடிப்பூண்டி மில்லுல வேலைன்னு மட்டும் சொல்லு, புரியுதா?" என்றான். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். நீ கொடுத்த பெட்டியை ஏர்போர்ட்டில் எடுத்துக்கொண்டார்களாம். பேரிங்கை எடுக்கவில்லை, ஊறுகாயை எடுக்கவில்லை, மாத்திரையை மட்டும் எடுத்தார்களாம்.

இங்கே அறையில் ஒருத்தனுக்குப் போன வாரம் காய்ச்சல். மத்தியான வெயிலில் நாலு போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டது. குளிர் எலும்புக்குள் இருந்து வரும், நாக்கில் இரும்புத் துரு ருசி. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு அம்மா இருக்கிறாள். போனதும் பேரைக்கூட கேட்கவில்லை, விரலைக் குத்தி ரத்தம் எடுத்துவிட்டாள். கால் மணியில் மலேரியா என்றாள். மூன்று நாள் மாத்திரை, இப்போது எழுந்து வேலைக்குப் போகிறான். இந்த ஊரில் காய்ச்சல் என்றால் முதலில் ரத்தம்தான், பிறகுதான் பேச்சு.

ஏஞ்சலிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பென்னி

*

கும்மிடிப்பூண்டி
12.5.2024

பென்னிக்கு,

அந்த ஒருத்தன் நீதான். அடுத்தவன் நாக்கு ருசியை எவனும் எழுத மாட்டான்.

ஏஞ்சலிடம் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட முடியவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். மூன்று நாள் மாத்திரையையும் முழுதாகப் போட்டாயா? குளிர் நின்றதும் மிச்சத்தை யாருக்காவது கொடுத்தாயா? உன்னை நம்ப முடியாது.

அந்தக் கிளினிக் அம்மாவுக்கு என் பேரில் ஒரு சேலை வாங்கிக் கொடு. மற்ற ஐந்து பேரையும் உடம்பு கொஞ்சம் சூடானாலும் அவளிடம் இழுத்துக்கொண்டு போ.

துளசிராமன் சொன்னதற்குத் தலையாட்டியதாக எழுதியிருக்கிறாய். ஏன் ஆட்டினாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அது வேறு கதை, நீ வந்த பிறகு பேசுவோம்.

சாராள்

*

உகாண்டா
2.6.2024

அக்காவுக்கு,

வந்த பிறகு பேச வேண்டாம், இப்போதே பேசுவோம். அது என்ன வேறு கதை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பேரிங் கணக்கு காட்ட துளசிராமன் லேப்டாப்பைத் திறந்தான். நம் கம்பெனி ஏப்ரல் மாத உடல் பரிசோதனைப் பதிவேடு அதில் இருந்தது. பென்னி, எடை அறுபத்தெட்டு, ரத்த அழுத்தம் நார்மல், காய்ச்சல் இல்லை. சாம்சன், நார்மல். ஆறு பேரும் நார்மல். கீழே சாராள் என்று உன் கையெழுத்து, அந்த வளைந்த ளகரத்தோடு. ஏப்ரல் பதினேழு. அன்றைக்கு நான் நாலு போர்வைக்குள் கிடந்தேன் அக்கா.

எனக்கு மாத்திரை எண்ணி அனுப்பினாய். கொசுவுக்குக் காகிதம் படிக்கத் தெரியாது என்று எழுதினாய். அந்தக் காகிதத்தையே நீதான் எழுதியிருக்கிறாய். துளசிராமன் பொய் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறான். நீ எதற்குச் சொன்னாய்? இனிமேல் எனக்கு அறிவுரை எழுதாதே.

(பக்கம் 2)

மாமியார் சாவுக்காக சாம்சன் அண்ணன் ஊருக்கு வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். நேற்றிலிருந்து அவருக்கு உடம்பு வலி, கண் மஞ்சளடிக்கிறது. கிளினிக்குக் கூப்பிட்டேன், பிளைட்டை விட்டுவிடுவேன் என்று வர மறுத்துவிட்டார். அவராக உன்னிடம் சொல்ல மாட்டார், துளசிராமனுக்குப் பயம். உன் முன்னால் நிற்கும்போதே விரலைக் குத்தி ரத்தம் பார். என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் இதை மட்டும் செய்.

பென்னி

*

உகாண்டா
23.6.2024

சாராள் அக்காவுக்கு,

சாம்சன் அண்ணன் பதினாறாம் தேதி போய்விட்டார் என்று ஏஞ்சல் போனில் சொன்னாள். டைபாய்டாம். இங்கே ஐந்து பேரும் அன்றைக்குச் சமைக்கவில்லை. துளசிராமன் ரெண்டு நிமிஷம் மவுனமாக நிற்கச் சொன்னான், நான் வெளியே வந்துவிட்டேன். நின்றிருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

டைபாய்டு என்று எந்த மடையன் சொன்னான்? ஒருத்தன் உகாண்டாவிலிருந்து இறங்கி வந்து காய்ச்சலில் கிடக்கிறான், எங்கிருந்து வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லையா?

என் கடிதத்தை உன் கையில் கொடுத்தாரா? பின்னால் எழுதியிருந்ததைப் படித்தாயா?

பென்னி

*

கும்மிடிப்பூண்டி
14.7.2024

பென்னிக்கு,

நீயும் மற்ற நாலு பேரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மாத்திரை மூன்றாவது பெட்டி இதைக் கொண்டுவரும் ஆளின் சட்டைப் பையில் இருக்கிறது, எண்ணி வாங்கிக்கொள். ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

நடந்ததைக் கேட்டிருக்கிறாய். சாம்சன் ஜூன் நாலாம் தேதி வந்தார். ஆறாம் தேதி அவர் மனைவி கல்பனா அவரைப் பக்கத்து கிளினிக்கில் சேர்த்தாள். ஐந்து நாள் டிரிப் ஏற்றி டைபாய்டு ஊசி போட்டார்கள். மூச்சு வாங்கிய பிறகுதான் கல்பனா எனக்குச் சொல்லி அனுப்பினாள், சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ரத்தத்தில் மலேரியாக் கிருமியைப் பார்த்துவிட்டு, "இவர் எந்த ஊருக்குப் போயிருந்தார்?" என்று கத்தினாள். அதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது.

கல்பனா என் மடியில் விழுந்து சொன்னாள்: "கிளினிக்ல எங்க வேலன்னு கேட்டாங்கக்கா. கும்மிடிப்பூண்டி மில்லுன்னுதான் சொன்னேன். அவுருதான் அப்டி சொல்லச் சொன்னாரு. வாயில வந்துச்சு, முழுங்கிக்கினேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்மேல் தப்பில்லை என்றேன்.

அடக்கம் மறுநாள் நடந்தது. கம்பெனியிலிருந்து மாலை வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சாராள்

*

உகாண்டா
4.8.2024

ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. எழுதி போட்டோ பிடித்து போனில் அனுப்புகிறேன்.

சாம்சன் அண்ணன் நாலாம் தேதி வந்தார் என்று எழுதியிருக்கிறாய், ஆறாம் தேதி ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கிறாய். ஐந்தாம் தேதியைக் காணோம். ரெண்டாம் பக்கத்தைப் படித்தாயா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்.

பென்னி

*

(உறையின் மேல்: பென்னி, இதைப் பிரிப்பதற்கு முன் கொண்டுவந்த ஜெகனை உட்கார வை. தண்ணீர் கொடு. நெற்றியைத் தொட்டுப் பார். பிறகு பிரி.)

கும்மிடிப்பூண்டி
18.8.2024

தம்பிக்கு,

படிக்கவில்லை.

ஐந்தாம் தேதி ஷிப்ட் விட்ட நேரத்தில் சாம்சன் என் ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வந்தார். நின்றபடியே கடிதத்தைக் கொடுத்தார். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை, உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரித்துவிட்டேன். நான் படிக்கப் படிக்க அவர் பேசினார். "ஒடம்பு ஒரு மாரியா கீது க்கா. குளுருது" என்றார். முதல் பக்கத்தில் என் கையெழுத்தைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் நான் நின்றேன். முகம் எரிந்தது. "பிரயாணக் களைப்பு சாம்சன், ரெண்டு பாரசிட்டமால் போட்டுக்கினு தூங்கு" என்று தலை நிமிராமல் மாத்திரையை நீட்டினேன். அவர் வாங்கும்போது விரல் என் கையில் பட்டது. சுட்டது, பென்னி. நர்ஸ் வேலையில் பத்தொன்பது வருஷம், அந்தச் சூடு எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் உன்மேல் இருந்த கோபத்தில் அது எனக்குச் சூடாகவே படவில்லை. கடிதத்தைக் கசக்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன். அவர், "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்தம் பார்க்கும் கிட் அதே மேஜையில், என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

ஜூன் மாசம் நீ கேட்டபோதுதான் டிராயரைத் திறந்து ரெண்டாம் பக்கத்தைப் படித்தேன். உலகத்துக்கே எழுதினேன் பார், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் என்று. என் எதிரில் நின்றவனுக்கு நான் செய்யவில்லை. எழுதியதை நினைத்தால் என்மேல் எனக்கு வருகிற ஆத்திரம் துளசிராமன்மேல் வருவதைவிடப் பெரிசு.

பதிவேட்டைப் பற்றி. மேனேஜர் அங்கிருந்தே பட்டியலை அனுப்பி, போனில், "எழுதலேன்னா ஒங்க தம்பி பேரு மொதல்ல கட் ஆவும்" என்றார். எழுதினேன். உனக்காக என்று அன்றைக்கு நினைத்தேன். ஆறு பேரும் நார்மல் என்று நான் எழுதியதால்தான் சாம்சனுக்கு உகாண்டா என்று சொல்ல வாய் வரவில்லை.

போன திங்கட்கிழமை கல்பனாவைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். பதிவேட்டின் நகலையும் வைத்தேன், அதன் மேல், இது பொய், எழுதியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே வளைந்த ளகரம்தான். மனு வாங்கின கிளார்க், "ஒங்கமேலயும் கேஸ் வரும்மா, தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். மறுநாள் மில் வாசலில் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. ஐந்தாம் தேதி நடந்ததை மனு கொடுக்கும் முன்பே கல்பனாவிடம் சொல்லிவிட்டேன்.  அப்படியும் மனுவில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் கைநாட்டு வைத்தாள்.

நீ முப்பதாம் தேதி இறங்குகிறாய். ஏர்போர்ட்டில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உகாண்டா என்று சொல். அதன் பிறகு ஒரு மாசம், ரெண்டு மாசம் கழித்துத் தும்மினாலும் டாக்டரிடம் முதல் வார்த்தை அதுவாக இருக்கட்டும். இருபத்தெட்டு மாத்திரையையும் போடு. இதை அறிவுரை என்று நினைக்காதே, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

சாராள்

*

உகாண்டா
26.8.2024

அக்காவுக்கு, பென்னி எழுதுவது. நான் சுகம். நாலு பேரும் சுகம். ஜெகனை உட்கார வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். நெற்றியைத் தொட்டதும், "இன்னாண்ணா, எனக்கு இன்னா?" என்று சிரித்தான். சூடு இல்லை. பிறகுதான் பிரித்தேன். ரெண்டு பக்கமும் படித்தேன்.

கோபம் போகவில்லை. போனதாகப் பொய் எழுத மாட்டேன், நம் வீட்டில் எழுதின பொய் போதும். ஆனால் முழுக் கோபத்தையும் உன்மேல் கொட்டிவிட்டால் துளசிராமன் சட்டை கசங்காமல் போய்விடுவான். நானும் அவன் முன்னால் தலையாட்டினவன்தான். சாம்சன் அண்ணனை அந்தக் கிளினிக் அம்மாவிடம் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், பிளைட் போனால் போகட்டும் என்று. நானும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு சும்மா இருந்தேன்.

நாங்கள் ஐந்து பேரும் பாஸ்போர்ட் முத்திரையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். இங்கே உகாண்டா மில் வாசலில் சாம்சன் அண்ணன் எங்களோடு நிற்கும் படமும் இருக்கிறது. இறங்கியதும் முதலில் கல்பனா அண்ணி வீட்டுக்குப் போவேன். திங்கட்கிழமை ஐந்து பேரும் திருவள்ளூர் வருவோம்.

எனக்கு நேற்றிலிருந்து லேசாக உடம்பு வலி. களைப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்றைக்குக் கிளினிக்கில் ரத்தம் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை. ஆனாலும் ஊருக்கு வந்ததும் உன்னிடம்தான் கையை நீட்டுவேன். அப்போது நீ எதுவும் பேசாதே அக்கா. ரத்தம் மட்டும் எடு.

உன் தம்பி,
பென்னி